தாத்தாவும் ஆச்சியும் சென்னைக்கு வருகிறார்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊரில் இருக்கும் பெரியவர்கள் சென்னையில் பிள்ளைகள் வீட்டுக்கு வந்து, பேரன் பேத்தியோடு ஊர் சுற்றிப் பார்ப்பது பற்றி நண்பர்களும் உடன் வேலை பார்ப்பவர்களும் என்னிடம் கேட்கும் கேள்விகள் இவை. எங்கள் வீட்டுக்குத் தென்காசிப் பக்கத்திலிருந்து தாத்தாவும் ஆச்சியும் வருவார்கள். அதனால் பதில்களில் தெற்கத்தி வாடை கொஞ்சம் அடிக்கும்.

எந்த மாதத்தில் வரச் சொல்லலாம்?

டிசம்பர் கடைசி வாரத்திலிருந்து பிப்ரவரி வரை. மழை ஓய்ந்திருக்கும், வெயில் ஏறியிருக்காது, பிள்ளைகளுக்கு அரையாண்டு விடுமுறையும் இருக்கும். பாட்டுக் கேட்கிற தாத்தாவாக இருந்தால் மார்கழிக் கச்சேரிகளும் கிடைக்கும். பல சபாக்களில் காலை, மதிய நேரக் கச்சேரிகளுக்கு டிக்கெட் கிடையாது. கச்சேரியில் மனம் ஒட்டாதவர்களுக்கு சபா கேன்டீன் இருக்கிறது.

அக்டோபர், நவம்பர் வேண்டாம். வடகிழக்குப் பருவமழையில் தெருவில் தண்ணீர் நின்றுவிட்டால், வந்தவர்கள் பால்கனியில் நின்று மழையைத்தான் பார்க்க வேண்டும். மே மாதமும் வேண்டாம். அக்னி நட்சத்திரம் ஒருபக்கம் இருக்க, அது பிள்ளைகள் ஊருக்குப் போக வேண்டிய மாதம். அந்த வழக்கத்தை ஏன் கெடுப்பானேன்?

எத்தனை முறை கூப்பிட்டாலும் வரமாட்டேன் என்கிறார்களே?

மாடு இருக்கிறது, தென்னைக்குத் தண்ணீர் பாய்ச்ச ஆள் இல்லை, பக்கத்து வீட்டில் கல்யாணம் என்று காரணம் வந்துகொண்டே இருக்கும். உள்ளே இருக்கும் பயம் வேறு. வந்தால் எப்போது திரும்புவோம் என்று தெரியாது, மகன் வீட்டில் பாரமாக உட்கார்ந்துவிடுவோமோ என்பதுதான். ஆகவே வருகிற டிக்கெட்டோடு திரும்புகிற டிக்கெட்டையும் எடுத்து, இரண்டு தேதியையும் ஒன்றாகச் சொல்லுங்கள். “15ஆம் தேதி ராத்திரி ஊருக்கு வண்டி” என்று தெரிந்ததும் பேச்சின் தொனியே மாறிவிடும். மாட்டைப் பார்த்துக்கொள்ள ஆளும் தானாகக் கிடைத்துவிடுவார். மீதி வேலையைப் பேத்தி போனில் பார்த்துக்கொள்வாள்.

ரயிலா, பஸ்ஸா?

ரயில்தான். கழிப்பறை ஒன்று போதாதா காரணத்துக்கு?

கீழ் படுக்கை விஷயத்தில் பலருக்குத் தெரியாத ஒரு விதி இருக்கிறது. ரயில்வேயில் மூத்த குடிமக்களுக்கென்று தனியாகக் கீழ் படுக்கை ஒதுக்கீடு உண்டு. ஆண்களுக்கு 60 வயது, பெண்களுக்கு 45 வயது ஆகியிருந்தால் போதும். ஆனால் ஒரு டிக்கெட்டில் அதிகபட்சம் இரண்டு பேர், இருவருமே அந்த வயதுக்காரர்களாக இருக்க வேண்டும். துணைக்கு வரும் சித்தப்பாவையும் பேரனையும் அதே டிக்கெட்டில் சேர்த்தால் இந்த ஒதுக்கீட்டில் எடுக்க முடியாது. தாத்தாவுக்கும் ஆச்சிக்கும் தனி டிக்கெட், மற்றவர்களுக்குத் தனி டிக்கெட் என்று போடுங்கள். 2024 நவம்பரிலிருந்து 60 நாளுக்கு முன்னால்தான் முன்பதிவு திறக்கிறது. தெற்கத்தி வண்டிகளில் அன்று காலையே உட்கார்ந்துவிடுவது நல்லது. முதியோருக்கு இருந்த கட்டணச் சலுகையை 2020 மார்ச்சில் நிறுத்தினார்கள். தாத்தா இன்னும் அது இருப்பதாக நினைத்துக்கொண்டிருப்பார், மெதுவாகச் சொல்லுங்கள்.

பஸ்ஸில்தான் வருவேன் என்று நிற்பவர்களுக்கு: தெற்கிலிருந்து வரும் பேருந்துகள் இப்போது கோயம்பேடு வரை வருவதில்லை. 2023 டிசம்பர் கடைசியில் திறந்த கிளாம்பாக்கம் நிலையத்தோடு நின்றுவிடும். விடிகாலையில் அங்கே ஒருவர் போய் நின்று அழைத்து வருவதாக இருந்தால் மட்டும் சரி என்று சொல்லுங்கள்.

வந்த அன்றைக்கே எங்காவது கூட்டிப் போகலாமா?

வேண்டாம். சாயங்காலம் பக்கத்துத் தெருப் பிள்ளையார் கோயில் வரை போய் வரட்டும்.

ஒரு நாளைக்கு எத்தனை இடம்?

ஒன்று. அதுவும் காலை பத்தரை மணிக்குள் முடியும்படி, இல்லையென்றால் மாலை நாலு மணிக்கு மேல். நடுவில் வீட்டுக்கு வந்து சாப்பிட்டு, ஒரு குட்டித் தூக்கம். மறுநாள் எங்கும் போக வேண்டாம்.

இந்த இடத்தில்தான் வேலைக்குப் போகும் பிள்ளைகள் முகம் சுளிப்பார்கள். இரண்டு நாள்தான் லீவு கிடைத்தது, அதற்குள் மெரினா, வண்டலூர், மாமல்லபுரம், ஒரு மால் என்று பட்டியல் போட்டிருப்பார்கள். அந்தப் பட்டியல் யாருக்காக என்று கேட்டுப் பாருங்கள். பெரியவர்கள் இடங்களை எண்ணுவதில்லை. ஊருக்குப் போய்ச் சொல்ல நாலு கதை வேண்டும், அவ்வளவுதான். அந்தக் கதை காரில் சாலை நெரிசலில் உட்கார்ந்திருக்கும்போது கிடைக்காது. உங்களுக்கு லீவு இல்லாத நாட்களில் பேரனோடு அவர்களாகவே பூங்கா வரை, நூலகம் வரை போய் வரட்டும். எல்லா இடத்துக்கும் நீங்கள் கூடப் போக வேண்டும் என்பதில்லை.

மெட்ரோ அவர்களுக்கு வசதிப்படுமா?

ரொம்பவே. 2015இல் கோயம்பேடு–ஆலந்தூர் என்று தொடங்கியது, இன்று விமான நிலையம், சென்ட்ரல், விம்கோ நகர் வரை போகிறது. லிஃப்ட் இருக்கிறது, குளிர்சாதனம் இருக்கிறது, கழிப்பறை இருக்கிறது. பெரியவர்களைப் பார்த்தால் எழுந்து இடம் கொடுக்கும் வழக்கமும் இன்னும் இருக்கிறது.

ஒரே சிக்கல் நகரும் படிக்கட்டு. சேலைக்காரர்களுக்கு அது ஒரு கண்டம். எங்கள் ஆச்சி அதன் முன்னால் நின்று, ஒவ்வொரு படியும் தரையிலிருந்து முளைத்து வருவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். காலைத் தூக்குவதும் இழுத்துக்கொள்வதுமாக. பின்னால் கூட்டம் சேர்ந்துவிட்டது. பேத்திதான் வழி சொன்னாள்: “ஆச்சி, கீழ பாக்காத. வலது கையால கம்பியப் பிடி, இடது கையால கொசுவத்தத் தூக்கிக்கோ, எதிர்ல இருக்கிற விளம்பரத்தப் பாத்துட்டு ஒரே எட்டு வை.” ஏறிவிட்டாள். இறங்குவதற்கு மட்டும் லிஃப்ட்தான் என்று சொல்லிவிட்டாள், அதுவும் சரிதான். கால் தடுமாறுகிறவர்களை எந்தக் காரணத்துக்காகவும் அதில் ஏறச் சொல்லி வற்புறுத்தாதீர்கள்.

பேருந்தில் பெரியவர்களுக்கு இலவசமா?

மாநகரப் பேருந்தில் 60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மாதம் 10 இலவச டோக்கன் தருகிறார்கள், ஆனால் அது சென்னையில் குடியிருப்பவர்களுக்கு. விருந்துக்கு வந்த தாத்தா டிக்கெட் எடுக்க வேண்டும். ஆச்சிக்கு அந்தக் கவலை இல்லை. சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்கள் எல்லோருக்கும் 2021 முதல் கட்டணம் கிடையாது. முன்பக்கம் இளஞ்சிவப்புச் சாயம் பூசிய வண்டி என்று அடையாளம் சொல்லிக் கொடுங்கள். “நீங்க டிக்கெட் எடுத்துட்டு வாங்க” என்று ஆச்சி சொல்லும்போது தாத்தா முகத்தைப் பார்க்க வேண்டும்.

மெரினாவில் என்ன கவனிக்க வேண்டும்?

மணல்தான். சாலையிலிருந்து அலை வரை பல இடங்களில் கால் கிலோமீட்டருக்கு மேல் மணலில் நடக்க வேண்டும். முட்டிவலிக்காரர்களுக்குப் பாதி வழியிலேயே போதும் போதும் என்றாகிவிடும். விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே மாற்றுத்திறனாளிகளுக்காக 2022 நவம்பரில் 263 மீட்டர் நீளத்துக்கு மரப்பாதை போட்டிருக்கிறார்கள். சக்கர நாற்காலி போகும்படி அமைத்தது, கைப்பிடியும் உண்டு. திறந்த சில நாட்களிலேயே மாண்டஸ் புயலில் சேதமாகி, பிறகு சரி செய்தார்கள். பெரியவர்களை அந்த வழியாகக் கூட்டிப் போங்கள்.

கடலில் குளிக்கக் கூடாது. இழுப்பு அதிகம், ஆண்டுதோறும் உயிர் போகிறது. கால் நனைக்கும்போதும் பேரனின் ஒரு கை உங்கள் கையில் இருக்கட்டும். தாத்தாவை நம்பி விட வேண்டாம், அலை வந்தால் இருவரும் சேர்ந்து விழுவார்கள்.

அப்புறம் நினைவிடங்கள். அண்ணா, எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா, கலைஞர் என்று நாலு பேரும் அடுத்தடுத்து இருக்கிறார்கள். பிள்ளைகளுக்கு அவை வெறும் பளிங்கு மேடை. 1969இல் அண்ணா இறந்தபோது பத்துப் பன்னிரண்டு வயதில் இருந்த தாத்தாவுக்கு அப்படி இல்லை. ஊரில் யார் வீட்டு ரேடியோவில் செய்தி கேட்டது, யார் யார் ரயிலேறினார்கள் என்று ஆரம்பித்துவிடுவார். அவசரப்படுத்தாதீர்கள். எம்.ஜி.ஆர். சமாதிக் கல்லில் காதை வைத்தால் அவருடைய கைக்கடிகாரம் ஓடுவது கேட்கும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. ஆச்சியும் பேரனும் மாறி மாறிக் காதை வைப்பார்கள். கேட்டதா என்று கேட்டால் ஆச்சி “கேட்டுச்சு” என்பாள், பேரன் “இல்ல” என்பான். வீடு வரும் வரை அந்த வழக்கு நடக்கும்.

கலங்கரை விளக்கத்தில் லிஃப்ட் இருக்கிறது. உயரம் பயப்படாதவர்கள் ஏறலாம். திங்கட்கிழமை விடுமுறை.

கோயில்களுக்கு எப்படித் திட்டமிடுவது?

பகல் 12 மணியிலிருந்து 4 மணி வரை நடை சாத்தியிருக்கும், அது ஒன்றை மறக்காமல் இருந்தால் போதும். மயிலாப்பூர் கபாலீசுவரர், திருவல்லிக்கேணி பார்த்தசாரதி, வடபழனி முருகன் மூன்றையும் ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று ஆச்சியே கேட்பாள். முடியும், ஆனால் மறுநாள் கால் வீங்கியிருக்கும். எனக்குப் பிடித்தது பெசன்ட் நகர் மாலைதான்: அட்டலட்சுமி கோயில், கொஞ்சம் தள்ளி வேளாங்கண்ணி மாதா கோயில், முன்னால் கடற்கரை. எந்தச் சாமி கும்பிடுகிறவருக்கும் ஒரு இடம் இருக்கிறது.

மாமல்லபுரம் பெரியவர்களுக்குக் கடினமா?

மதியம் போனால் கடினம். பாறையும் மணலும் கொதிக்கும், செருப்பில்லாமல் கால் வைக்க முடியாது. காலை ஆறு மணிக்கே திறந்துவிடுகிறார்கள். வீட்டில் ஐந்து மணிக்குக் கிளம்புங்கள். பெரியவர்கள் எப்படியும் நாலரைக்கு எழுந்து உட்கார்ந்திருப்பார்கள், எழுப்ப வேண்டியது உங்களைத்தான்.

கடற்கரைக் கோயிலுக்கும் ஐந்து ரதங்களுக்கும் டிக்கெட் உண்டு, 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு அது வேண்டாம். அர்ச்சுனன் தபசு சாலையோரத்திலேயே இருக்கிறது. அங்கே ஒரு பூனை முன்னங்காலைத் தூக்கித் தவம் செய்கிறது, காலடியில் எலிகள். பிள்ளைகளைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். அதற்குப் பக்கத்தில் உள்ள கிருஷ்ண மண்டபத்தைப் பெரும்பாலானவர்கள் எட்டிப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். மாடு வளர்த்த தாத்தாவாக இருந்தால் அங்கேயே நிற்க விடுங்கள். ஒருவர் பால் கறக்கிறார். பசு தலையைத் திருப்பிக் கன்றை நக்கிக்கொடுக்கிறது. ஆயிரத்து முந்நூறு ஆண்டுக்கு முந்தைய கல். தாத்தா அந்தக் கன்றின் வயதைச் சொல்வார், கன்றை ஏன் முன்னால் நிறுத்த வேண்டும், நிறுத்தாவிட்டால் பசு பாலை எப்படி அடக்கிக்கொள்ளும் என்று விளக்குவார். எந்த வழிகாட்டியும் இதைச் சொல்லிக் கேட்டதில்லை.

போகிற வழியில் வேறு எங்காவது நிற்கலாமா?

ஒரே நாளில் இரண்டு இடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஆனால் முட்டுக்காட்டில் இருக்கும் தட்சிணசித்ராவுக்காகத் தனியாக ஒரு நாள் ஒதுக்கலாம். 1996இல் திறந்தது. தென்மாநிலங்களின் பழைய வீடுகளைப் பெயர்த்துக் கொண்டுவந்து அப்படியே மறுபடி கட்டி வைத்திருக்கிறார்கள்: செட்டிநாட்டு வீடு, நெசவாளர் வீடு, குயவர் வீடு, கேரளத்து மர வீடு. நமக்கு அது அருங்காட்சியகம். ஆச்சிக்கு அது பிறந்த வீடு. திண்ணையில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொள்வாள். நெல் சேமிக்கும் குதிரில் அளவுக்கு மேல் ஏன் கொட்டக் கூடாது, உலக்கையை எப்படிக் கை மாற்ற வேண்டும் என்று பேத்திக்குச் சொல்லும்போது, பக்கத்தில் நிற்கும் வேறு வீட்டுப் பிள்ளைகளும் வந்து சேர்ந்துகொள்வார்கள். சென்னை வந்ததிலிருந்து லிஃப்ட் பொத்தான் முதல் தண்ணீர்க் குழாய் வரை எல்லாவற்றையும் பிறர் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தவள், அங்கேதான் முதல் முறையாகச் சொல்லிக்கொடுக்கிறவள் ஆகிறாள். சென்னையில் ஒரே ஒரு இடம்தான் பார்க்க முடியும் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். செவ்வாய்க்கிழமை விடுமுறை.

குழந்தைகளுக்கும் பெரியவர்களுக்கும் சேர்த்துப் பிடிக்கிற இடம்?

வண்டலூர் உயிரியல் பூங்கா பெரியது, 602 எக்டேர். நடந்தே பார்க்க நினைக்காதீர்கள். பேட்டரி வண்டி இருக்கிறது, போனதும் முதலில் அதற்கு டிக்கெட் எடுங்கள். அவ்வளவு அலைய முடியாதவர்களுக்குக் கிண்டி சிறுவர் பூங்கா போதும், பக்கத்திலேயே பாம்புப் பண்ணை. வண்டலூரும் சிறுவர் பூங்காவும் செவ்வாய் விடுமுறை. எழும்பூர் அருங்காட்சியகம் வெள்ளி விடுமுறை. இந்தக் கிழமைகளைக் குளிர்பதனப் பெட்டிமேல் எழுதி ஒட்டிவிட்டால் வாசல் வரை போய்த் திரும்ப வேண்டியிருக்காது.

அருங்காட்சியகத்தில் செப்புத் திருமேனிக் கூடத்தை மட்டும் பார்த்தாலே ஒரு காலைப்பொழுது போகும். திருவாலங்காட்டு நடராசர் அங்கேதான் இருக்கிறார். ஆச்சி கும்பிடுவாள், கும்பிடட்டும்.

வெயில் நாளுக்கும் மழை நாளுக்கும் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம். குழந்தைகளுக்குத் தனித் தளம், தாத்தாவுக்கு எல்லாப் பத்திரிகையும், ஏசி, கட்டணம் இல்லை. கொஞ்ச தூரத்தில் பிர்லா கோளரங்கம். தமிழ்க் காட்சி எத்தனை மணிக்கு என்று கேட்டுக்கொண்டு போங்கள். சாய்வு நாற்காலி, இருட்டு, குளிர்ச்சி; தாத்தா நட்சத்திரம் பார்த்தாரா தூங்கினாரா என்று விசாரிக்க வேண்டாம்.

தி.நகர் போகாமல் விடமாட்டார்களே?

விடமாட்டார்கள்தான். வார நாளில், கடை திறந்ததும் போங்கள். மின்சார ரயிலில் போனால் மாம்பலம் நிலையத்திலிருந்து பேருந்து நிலையம் வரை 2023இல் திறந்த ஆகாய நடைபாதை இருக்கிறது. ரங்கநாதன் தெரு நெரிசலில் இறங்காமலே போய்விடலாம். பாண்டி பஜாரில் நடைபாதை அகலம், உட்கார இருக்கையும் உண்டு. தாத்தாவை அங்கே உட்கார வைத்துவிட்டுச் சேலைக் கடைக்குள் போவது எல்லோருக்கும் நல்லது.

வெளியே சாப்பாடு?

மெனு கார்டில் பெயரே புரியாத இடங்களுக்கு ஒரு தடவை போனால் போதும், அதுவும் பேரன் ஆசைப்பட்டால். டிபன் கடைகள்தான் பாதுகாப்பு. திருவல்லிக்கேணி ரத்னா கபேயில் இட்லி மூழ்கும்படி சாம்பாரை ஊற்றுவார்கள். “இது சாம்பார்ல இட்லியா, இட்லில சாம்பாரா” என்று கேட்டுக்கொண்டே இரண்டாவது பிளேட் போகும். சர்க்கரை மாத்திரை போடுகிறவர்களுக்கு நேரம் தவறக் கூடாது. பையில் எப்போதும் இரண்டு பிஸ்கட்டும் ஒரு பாட்டில் தண்ணீரும் இருக்கட்டும்.

பகலெல்லாம் ஃபிளாட்டில் தனியாக என்ன செய்வார்கள்?

இதை யாரும் யோசிப்பதில்லை, ஆனால் ஊருக்குச் சீக்கிரம் திரும்ப வேண்டும் என்று சொல்ல வைப்பது இதுதான். அந்த மாதத்துக்கு மட்டும் ஒரு தமிழ் நாளிதழ் போடச் சொல்லுங்கள். செக்யூரிட்டி அண்ணனிடம் தாத்தாவை அறிமுகப்படுத்துங்கள், அவர் பெரும்பாலும் ஏதாவது ஒரு தெற்கத்தி ஊர்க்காரராகவே இருப்பார். பிளாக், வீட்டு எண், உங்கள் போன் எண் மூன்றையும் ஒரு அட்டையில் எழுதி சட்டைப் பையில் வையுங்கள். எல்லாக் கட்டடமும் ஒரே மாதிரி இருக்கும்போது யாருக்கும் வழி தவறும். காய்கறி வாங்கும் பொறுப்பை விட்டுக்கொடுங்கள். முருங்கைக்காய் விலையைக் கேட்டு அவர் அடையும் அதிர்ச்சி ஒரு வாரம் பேச்சுக்குத் தாங்கும்.

வந்திருக்கும்போது பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லலாமா?

சாயங்காலம் பள்ளி வேனிலிருந்து கூட்டி வருவதை அவர்களே கேட்டு வாங்கிக்கொள்வார்கள். வேலைக்காரம்மாவை அந்த மாதம் நிறுத்திவிடுவது, சமையலை அப்படியே ஆச்சி தலையில் கட்டுவது எல்லாம் வேண்டாம். கேட்டால் மறுக்க மாட்டார்கள் என்பதால்தான் கேட்கக் கூடாது.

மகள் வீட்டில் அதிக நாள் தங்கத் தயங்குகிறார்கள். என்ன செய்வது?

மகன் வீடு என்றால் உரிமை, மகள் வீடு என்றால் விருந்தாளி என்று பழகிய தலைமுறை. “சம்பந்தி வீட்டுல என்ன நெனப்பாங்க” என்ற கேள்வி உள்ளே ஓடிக்கொண்டே இருக்கும். மகள் எவ்வளவு சொன்னாலும் அது போகாது. மாப்பிள்ளை சொன்னால்தான் போகும். அழைப்பை மாப்பிள்ளையே போனில் சொல்லட்டும், ஸ்டேஷனுக்கும் அவரே போகட்டும். சம்பந்திகள் சென்னையில் இருந்தால் ஒரு நாள் சேர்ந்து வெளியே போவது நல்லது. இரண்டு தாத்தாக்களும் அரசியலில் எந்தப் பக்கம் என்று முன்னாலேயே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

மருந்து, அவசரம்?

தங்கும் நாட்களைவிட ஒரு வாரத்துக்குக் கூடுதலாக மாத்திரை, மருந்துச் சீட்டின் படம் உங்கள் போனில், 108 எண். இரவில் கழிப்பறைக்குப் போகிற வழியில் ஒரு சிறு விளக்கு எரியட்டும்.

செலவுக்குத் தாத்தா பணம் நீட்டினால்?

எல்லாவற்றையும் தடுக்காதீர்கள். ஆட்டோ, சுண்டல், பலூன் எல்லாம் அவர் கணக்கு. வேட்டி மடிப்பிலிருந்து எடுத்துப் பேரன் கையில் கொடுத்து, “நீயே போய்க் குடு, மீதிய எண்ணி வாங்கு” என்பார். அந்தக் காசில் தலையிடுவதற்கு நமக்கு உரிமை கிடையாது.

திரும்பும்போது?

வண்டி எழும்பூரிலிருந்தா தாம்பரத்திலிருந்தா என்று டிக்கெட்டில் இன்னொரு தரம் பாருங்கள். தெற்கே போகும் சில வண்டிகள் தாம்பரத்திலிருந்துதான் கிளம்புகின்றன. கோச், படுக்கை எண்ணைப் பெரிய எழுத்தில் தாளில் எழுதிக் கொடுங்கள், போனில் வரும் செய்தியைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். எடுத்த படங்களில் நல்லதாகப் பத்துப் பன்னிரண்டை ஸ்டூடியோவில் பிரிண்ட் போட்டுப் பையில் வைத்துவிடுங்கள். போனில் அனுப்பினால் மாமா பையன் வந்து திறந்து காட்ட வேண்டும். தாளில் இருந்தால் தெருவில் எல்லோருக்கும் ஆச்சியே காட்டிக்கொள்வாள். ராத்திரிக்கு இட்லியும் மிளகாய்ப்பொடியும் கட்டுங்கள், எண்ணெய் தடவியே கட்டுங்கள். ஊரிலிருந்து அரிசியும் வற்றலும் வந்த டப்பாக்களைக் கழுவித் திருப்பி அனுப்ப வேண்டும். அதை ஆச்சி எண்ணித்தான் பையில் வைப்பாள்.